‘இதை நீங்க படிச்சீங்களா?’ - உயிரியல் புராஜெக்ட்டுக்கு ஆதாரம் தேடுவது எப்படி?

எம்.எஸ்சி வைவா அறையில் புறத்தேர்வாளர் ஒரு கேள்வி கேட்பார். ஆய்வு முறை பற்றியோ முடிவுகள் பற்றியோ இருக்காது. புராஜெக்ட் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்து, “இந்தக் கட்டுரையை நீங்க படிச்சீங்களா?” என்பார்.

நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். என் புராஜெக்ட் சீமைக் கருவேலம் பற்றியது. அந்த மரத்தின் இலைச்சாறு பயறு விதைகளின் முளைப்பைத் தடுக்கிறதா என்று பார்த்தேன். பரிசோதனையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால், ‘ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர்’ பகுதியை சீனியர் ஒருவரின் ரிப்போர்ட்டில் இருந்து எடுத்துக்கொண்டேன். தேர்வாளர் விரல் வைத்த கட்டுரை சீமைக் கருவேலம் பற்றியதே இல்லை, வன்னி மரம் பற்றியது. இரண்டுக்கும் முன்பெயர் ‘புரொசோபிஸ்’. சீனியர் குழம்பியிருக்கிறார். நான் குழம்பக்கூட இல்லை, படிக்கவே இல்லை!

மார்க் கொஞ்சம் போனது, அவ்வளவுதான். இன்று அதே தவறின் விலை கூடியிருக்கிறது. ஏ.ஐ. செயலிகள் இல்லாத கட்டுரைகளுக்குக்கூட அழகான தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் போட்டுக் கொடுத்துவிடுகின்றன. இன்னொரு பக்கம், பத்து வருடங்களுக்கு முன்பு நினைத்துக்கூடப் பார்க்க முடியாத அளவுக்கு உண்மையான ஆதாரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைக்கோ, பார்ட் டைம் பிஎச்.டி. பதிவு செய்துவிட்டு ராத்திரி போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கோ இது உதவலாம். அதே சீமைக் கருவேலத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு தேடிப் பார்ப்போம்.

முதல் சிக்கல்: பெயர்

தேடல் கட்டத்தில் என்ன டைப் செய்வது? இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

‘கருவேலம்’ என்று தேடினால் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து வரும். அது வேறு மரம். அதன் பழைய அறிவியல் பெயர் அகேசியா நைலோட்டிகா, இப்போது வாச்செல்லியா நைலோட்டிகா. 2005-ல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில் ‘அகேசியா’ என்ற பெயர் பெரும்பாலும் ஆஸ்திரேலிய மரங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதால், நம்மூர்க் கருவேலம் பெயரை இழந்தது. தாவரவியலாளர்கள் மத்தியில் அப்போது நடந்த சண்டை தனிக் கதை.

சீமைக் கருவேலத்துக்கும் இப்போது அதே கதிதான். நம் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அது புரொசோபிஸ் ஜூலிஃப்ளோரா. 2022-ல் ‘ஃபைட்டோகீஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று புரொசோபிஸ் பேரினத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தது. வன்னி மரம் புரொசோபிஸாகவே நீடிக்கிறது, சீமைக் கருவேலம் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆகிவிட்டது. ‘நெல்டுமா’ புதுப் பெயரும் அல்ல. ரஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர் 1838-லேயே வைத்தது. கிட்டத்தட்ட 180 ஆண்டுகள் யாரும் சீண்டவில்லை.

மாணவருக்கு இதனால் என்ன? புரொசோபிஸ் என்று மட்டும் தேடினால் கடைசி சில ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் சில தப்பிப்போகும். நெல்டுமா என்று மட்டும் தேடினால் ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சியே காணாமல் போகும். ஆகவே இரண்டையும் தேட வேண்டும். ஒவ்வொரு பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தட்டினால் போதும். கூகுள் ஸ்காலர், பப்மெட் இரண்டிலும் இது வேலை செய்யும்.

ஒரு தாவரத்துக்குப் பழைய பெயர்கள் என்னென்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது? லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தில் ஒரு பெயரைப் போட்டால், இப்போது ஏற்கப்படும் பெயரும் கைவிடப்பட்ட பெயர்களும் பட்டியலாக வந்துவிடும். இலவசம்தான், போனிலேயே பார்க்கலாம். துளசியை எடுத்தவர்கள் ‘ஓசிமம் சாங்டம்’, ‘ஓசிமம் டெனுய்ஃப்ளோரம்’ இரண்டையும் தேட வேண்டும். ஆவாரம்பூவை எடுத்தவர்களுக்கு ‘கேசியா’, ‘சென்னா’ என இரண்டு வீடு. விலங்கியல்காரர்களும் தப்பவில்லை. ஒரு காலத்தில் எல்லா லேபிலும் அறுக்கப்பட்ட நம் தவளை ‘ரானா டைகிரினா’ இப்போது ‘ஹாப்லோபட்ராகஸ் டைகிரினஸ்’.

ஊர்ப் பெயரிலும் இதே தலைவலி உண்டு, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ராமநாதபுரம் பழைய கட்டுரைகளில் ‘ராம்நாட்’. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’. கோடியக்கரை ‘பாயின்ட் கலிமியர்’. திருநெல்வேலி வெள்ளைக்காரர் எழுதியதில் ‘டின்னவேலி’. உங்கள் மாவட்டத்தில் யாருமே ஆய்வு செய்யவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதும் முன், பழைய ஸ்பெல்லிங்கில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

எங்கே தேடுவது?

எல்லோரும் முதலில் போவது கூகுள் ஸ்காலர். அதில் தப்பில்லை. ஆனால் பெரும்பாலானோர் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஓர் எண் இருக்கும். அதைத் தொட்டால், அந்தக் கட்டுரைக்குப் பிறகு அதே விஷயத்தில் எழுதியவர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கூட்டிப்போகும், இந்த எண் முன்னோக்கிக் கூட்டிப்போகும். நல்ல கட்டுரை ஒன்றே ஒன்று கையில் சிக்கினால், இப்படி முன்னும் பின்னும் நடந்தே முப்பது கட்டுரைகளைச் சேர்த்துவிடலாம். கீவேர்டை மாற்றி மாற்றி அடிப்பதைவிட இது வேகமான வழி.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட்டில் 3.7 கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருக்கின்றன. அங்கே கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம்தான். அதன் தங்கை ‘பப்மெட் சென்ட்ரல்’ 2000-ல் தொடங்கியது. அதில் இருப்பவை முழுக் கட்டுரைகள், காசு கேட்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்து, ‘பப்மெட்டில் காசு கேட்கிறது’ என்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பப்மெட் மருத்துவம் சார்ந்தது, மரத்துக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். சீமைக் கருவேலத்தைப் போட்டுப் பாருங்கள். 2017-ல் ‘மலேரியா ஜர்னல்’ வெளியிட்ட ஒரு கட்டுரை வரும். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், இந்த மரத்தின் பூக்கும் கிளைகளை வெட்டி அகற்றிய கிராமங்களில் மலேரியா கொசுக்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்ததாம். கொசு ரத்தம் மட்டும் குடித்து வாழ்வதில்லை, பூந்தேனும் குடிக்கிறது. தாவரவியல் இதழ்களை மட்டும் புரட்டியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

பழைய விஷயங்களுக்கு ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’. பல நாட்டு இயற்கை வரலாற்று நூலகங்கள் 2006-ல் கைகோத்துத் தொடங்கிய தளம். ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்கள் மட்டும் 6 கோடியைத் தாண்டும். தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்கிறவர்களின் அடிப்படை நூலான, கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரங்கள் பற்றிய தொகுதிகள் (1915-1936) இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. பழைய புத்தகக் கடையில் என்ன விலை சொல்வார்கள் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

நம் நாட்டுக் கணக்குக்கு வந்தால், காந்திநகரில் உள்ள ‘இன்ஃப்ளிப்நெட்’ நடத்தும் ‘ஷோத்கங்கா’வைத் தவறவிடக் கூடாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் 5 லட்சத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. முழுக்க அப்படியே இறக்கிப் படிக்கலாம். நம் மாவட்டத்துக் கண்மாய், நம் கடற்கரை, நம் காட்டைப் பற்றி வெளிநாட்டு இதழ்களில் வராத தரவுகள் இங்கே கிடக்கும். தரம் எல்லாம் ஒரே சீராக இருக்காது. சிலது தங்கம், சிலதைத் திறந்ததும் மூடிவிடத் தோன்றும். ஆய்வேட்டின் கருத்தை எடுப்பதைவிட, அது காட்டும் மூலக் கட்டுரைகளைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ‘கிரிஷிகோஷ்’ என்று தனித் தளம் உண்டு. கோவையிலிருந்து வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் திரட்டன்ட் டாக்ஸா’ அழியும் நிலையில் உள்ள உயிரினங்களுக்கான இதழ், முழுக்க இலவசம். இந்திய அறிவியல் கழகத்தின் இதழ்களும் ‘கரன்ட் சயின்ஸ்’ பழைய தொகுதிகளும் அப்படியே.

39 டாலர் கேட்கிறதே!

கட்டுரை கிடைத்துவிடும். தொட்டால் 30 டாலர், 39 டாலர் என்று கேட்கும். மாணவர்கள் பலர் அங்கேயே நின்று, சுருக்கத்தை மட்டும் படித்து, முழுக் கட்டுரையையும் படித்ததுபோல ரெஃபரன்ஸில் சேர்த்துவிடுகிறார்கள். சுருக்கத்தில் ‘முளைப்பு குறைந்தது’ என்று இருக்கும். எந்தச் செறிவில், எந்தப் பயிரில், எத்தனை விதையில் என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும். வைவாவில் கேட்பதும் அதைத்தான்.

ஒரு நல்ல செய்தி. ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 வெளியீட்டு நிறுவனங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். பயன்பெறுவோர் ஏறக்குறைய 1.8 கோடிப் பேர் என்பது அரசின் கணக்கு. மாவட்டத்து மூலையில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரி மாணவர், ஐஐடி மாணவர் படிக்கும் அதே இதழைப் படிக்கலாம். உங்கள் கல்லூரி இதில் இருந்தும், யாரும் உங்களிடம் சொல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். நூலகரிடம் போய், “சார், ஒரே நாடு ஒரே சந்தாவுல நம்ம காலேஜ் இருக்கா? வீட்டுல இருந்து லாகின் பண்ண முடியுமா?” என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

கெட்ட செய்தியும் இதிலேயே இருக்கிறது. முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் உயிரியல் படிப்பவர்களில் பெரும் பங்கினர் இருப்பதோ தனியார் சுயநிதிக் கல்லூரிகளில். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் மாணவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது, கல்லூரியும் சந்தா கட்டுவதில்லை. யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இல்லை, கோபம்தான் வருகிறது.

அப்படிப்பட்டவர்கள் என்ன செய்யலாம்? கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற பொருளில் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால், ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிவைத்த பிரதி சில நேரம் கிடைக்கும். ‘அன்பேவால்’ என்ற இலவசக் கருவி, சட்டப்படி திறந்து கிடக்கும் பிரதி எங்காவது இருந்தால் கண்டுபிடித்துக் கொடுக்கும். எதுவும் கிடைக்கவில்லையா? சுருக்கத்தின் கீழே ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். ‘நான் இன்ன கல்லூரியில் படிக்கிறேன், என் புராஜெக்ட் இது, உங்கள் கட்டுரையின் பிரதி கிடைக்குமா?’ என்று நாலு வரி எழுதுங்கள். 39 டாலரில் ஆசிரியருக்கு ஒரு பைசாகூடப் போவதில்லை. தன் கட்டுரையை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்பதே அவருக்குச் சந்தோஷம். பலர் மறுநாளே அனுப்பிவிடுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதே இல்லை.

‘சை-ஹப் இருக்கே?’ என்பீர்கள். 2020 டிசம்பரில் எல்செவியர் உள்ளிட்ட மூன்று வெளியீட்டாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதன் மீது வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியாவில் அதை முடக்க உத்தரவு வந்தது. அதை நம்பிப் புராஜெக்ட் அட்டவணை போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

இல்லாத கட்டுரை, எடுபடாத இதழ்

ஏ.ஐ. செயலியிடம் ‘இந்தத் தலைப்பில் இன்னும் என்ன சொற்களைப் போட்டுத் தேடலாம்?’ என்று கேளுங்கள், உருப்படியாகச் சொல்லும். ‘பத்து ரெஃபரன்ஸ் கொடு’ என்று கேட்டால்தான் வம்பு. கொடுத்தால், ஒவ்வொன்றையும் சோதியுங்கள். பெரும்பாலான ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற அடையாள எண் உண்டு. அதை ‘டிஓஐ டாட் ஆர்க்’ தளத்தில் போட்டால் அந்தக் கட்டுரைக்கே கூட்டிப்போகும். எண் வேலை செய்யவில்லை, அல்லது வேறு கட்டுரைக்குப் போகிறது என்றால் சந்தேகப்படுங்கள். தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்காலரிலும் தேடி, அங்கும் இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு ரெஃபரன்ஸுக்கு அரை நிமிடம்.

காப்பி அடிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உயிரியல் துறையிலேயே ஒரு விசித்திரக் கதை இருக்கிறது. ‘வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோபி’ என்று ஒரு நுண்ணோக்கி முறை பல ஆய்வுக் கட்டுரைகளில் வந்திருக்கிறது. அப்படி ஒரு முறையே உலகத்தில் கிடையாது! 1950களில் வந்த கட்டுரை ஒன்றை ஸ்கேன் செய்தபோது, பக்கத்தின் இடது பத்தியில் இருந்த ஒரு சொல்லையும் வலது பத்தியில் இருந்த சொற்களையும் கணினி ஒரே வரியாகப் படித்துவிட்டது. பாரசீக மொழியிலோ ‘ஸ்கேனிங்’, ‘வெஜிடேட்டிவ்’ என்ற இரண்டுக்குமான சொற்களில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், மொழிபெயர்ப்பில் அதுவும் சேர்ந்துகொண்டது. பிறகு ஏ.ஐ. மாடல்களும் அதைக் கற்றுக்கொண்டன. அந்தச் சொல்லை எழுதியவர்கள் யாரும் அந்த நுண்ணோக்கியைப் பார்த்திருக்கப்போவதில்லை.

கட்டுரை உண்மையாக இருந்தாலும் இதழ் போலியாக இருக்கலாம். 2013-ல் ‘சயின்ஸ்’ இதழுக்காகப் பத்திரிகையாளர் ஜான் பொஹானன் ஒரு பொறி வைத்தார். லைக்கனில் இருந்து எடுத்த ஒரு மூலக்கூறு புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று, வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகளோடு ஒரு கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அப்படிப்பட்ட இதழ்கள் அதிகம் இருந்த நாடு எது என்று கேட்டால், நம் நாடுதான். ‘மூலிகைச் சாறு, பாக்டீரியா, புற்றுநோய் செல்’ என்ற வகையில் புராஜெக்ட் செய்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். உங்கள் தலைப்புக்குத் தேடினால் வரும் முதல் பத்துக் கட்டுரைகளில் இந்த வகை நிச்சயம் கலந்திருக்கும். கட்டுப்பாட்டுச் சோதனை செய்திருக்கிறார்களா, எத்தனை முறை திரும்பச் செய்தார்கள், தாவரத்தை அடையாளம் காட்டியது யார், உலர்த்திய மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த நாலும் இல்லாத கட்டுரையை நான் தொட மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் வந்ததை என்ன செய்வது?

சீமைக் கருவேலம் பற்றி ரிப்போர்ட் முன்னுரையில் எல்லோரும் எழுதுவது என்ன? ‘காற்றில் இருக்கும் ஈரப்பதத்தை உறிஞ்சும்’, ‘ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது’, ‘ஹெலிகாப்டரில் தூவினார்கள்’. ஆதாரம் கேட்டால் முழிப்பார்கள்.

தேடிப் பாருங்கள். தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன், தென் அமெரிக்காவின் வடபகுதி. ஆஸ்திரேலியாவிலும் இது வந்தேறி, அங்கேயும் ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். இந்தியாவுக்கு 1870களிலேயே வந்துவிட்டது. அன்றைய சென்னை மாகாணத்தில், கடப்பா பக்கம் ஆரம்பத்தில் நடப்பட்டதாகப் பல கட்டுரைகள் சொல்கின்றன. மூல ஆவணம் பார்க்க ஆசைப்படுபவர்கள், அந்தக் காலத்து வனத்துறை அறிக்கைகளுக்காக எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம். மரத்தைப் பற்றி முழுமையாகத் தெரிய, 2001-ல் வெளியான ‘புரொசோபிஸ் ஜூலிஃப்ளோரா - புரொசோபிஸ் பல்லிடா’ மோனோகிராஃப் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. தண்ணீர் விஷயத்துக்கு எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் அளந்து பார்த்து 2021-ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் எழுதியிருக்கிறார்கள். மரம் வேர் வழியாக நிறையத் தண்ணீர் எடுக்கிறது என்பதற்கு அங்கே ஆதாரம் உண்டு. வாட்ஸ்அப் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை எழுதினாலே உங்கள் முன்னுரை மற்றவர்களுடையதைவிட நன்றாக வந்துவிடும்.

போனை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய இடங்கள்

எல்லாம் இணையத்தில் இல்லை. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் யாரும் போய் உட்கார்ந்து படிக்கலாம். எழும்பூர் கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. இந்தியப் பதிப்பகங்கள் வெளியிட்ட பழைய உயிரியல் நூல்களுக்கு அங்கே போகலாம்.

தாவரம் சார்ந்த புராஜெக்ட் என்றால் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ரபினாட் ஹெர்பேரியம், புதுச்சேரியில் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட். உலர்த்தி ஒட்டிய தாவர மாதிரிகளோடு, அவற்றைப் பற்றிய நூல்களும் அங்கே இருக்கின்றன. துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் கல்லூரி அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். உங்கள் செடியின் ஒரு கிளையைப் பூவோடு காய்வைத்துக் கொண்டுபோனால், நீங்கள் ஆராய்வது நிஜமாகவே அந்தச் செடிதானா என்பதையும் கேட்டுவிட்டு வரலாம். என் சீனியர் அதைச் செய்திருந்தால் வன்னிக்கும் சீமைக் கருவேலத்துக்கும் வித்தியாசம் அன்றே தெரிந்திருக்கும். நானும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படித்த ஒவ்வொன்றையும் அன்றன்றே ‘சொட்டெரோ’ மாதிரி இலவசச் செயலியில் சேர்த்துவையுங்கள். பிறகு திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால், அதுவே சிவப்பில் எச்சரிக்கும். பக்கத்திலேயே உங்கள் வார்த்தையில் இரண்டு வரிக் குறிப்பும் எழுதிவையுங்கள், தமிழில் எழுதினாலும் சரி. தேர்வாளர் 14-வது ரெஃபரன்ஸில் விரல் வைக்கும்போது ஞாபகத்துக்கு வருவது அந்த இரண்டு வரிதான்.